வேகத்துக்குப் பூட்டு

மகாராணிக்கு,

நேற்றுவரை உன்னோடு முகம் கொடுத்துப் பேசாதவன் எழுதுகிறேன்.

நேற்று இரும்பு பீரோக்களை ஏற்றிக்கொண்டு பாலத்து மேட்டில் ஏறினேன். பாதியிலேயே மூச்சு வாங்கும் நம் பிக்கப் வண்டி, ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது. சூடு காட்டும் முள் அசையவே இல்லை. எல்லாம் நீ தேர்ந்தெடுத்து மாட்டிய, எஞ்சினின் இழுவையைக் கூட்டும் அந்த ட்யூனர் கருவி செய்த வேலை.

அதை வாங்கப் போன கடையில் நான் வேகம், வேகம் என்று பறந்தேன். நீயோ கடைக்காரரிடம், “அதெல்லாம் இருக்கட்டும்ண்ணே. லோடோட மேடு ஏறுறப்ப எஞ்சின் சூடாகாம இருக்குமா? பிடிக்கலைன்னு கழட்டினா வண்டி பழையபடி ஆயிடுமா?” என்று கேட்டாய். அவரே அசந்துபோய் உன்னைப் பார்த்தார். நான்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். உன் மூளைக்கு ஒரு கும்பிடு.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். உப்பு கொஞ்சம் தூக்கல், திட்டாதே. தச்சர் வந்தால் சாயந்திரம் சோபா ஏற்ற வருகிறேன் என்று சொல்.

அப்புறம் ஒன்று. ட்யூனரில் வேகம் கூட்டுகிற செட்டிங்கை மட்டும் ரகசிய எண் போட்டுப் பூட்டியிருக்கிறாய். எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதே.

நம் கல்யாணத் தேதியையும் போட்டுப் பார்த்துவிட்டேன். திறக்கவில்லை.