ஆணி இல்லாத தொட்டில்

என் பாக்கியத்துக்கு,

உன் புருஷன் தச்சு வேலை பழகுகிறான் என்றால் நீ நம்பவா போகிறாய்? தேவாரம் பஞ்சாயத்து ஆபீசில் பேனாவைத் தவிர வேறெதையும் பிடிக்காத கை இது. நீ கண்ணை மூடிய பிறகு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது. பொழுதுபோக்காக ஏதாவது கைவேலை செய்யுங்கள், மனசு அமைதியாகும் என்றார் டாக்டர். உளியும் இழைப்புளியும் வாங்கினேன். மரத்தை இழைக்க இழைக்கச் சீவல் சுருள்சுருளாக விழும். அந்த நேரத்தில் உன் நினைப்புகூட வலிப்பதில்லை.

நம் மரகதத்துக்குப் பெண் பிறந்தாள், பாக்கியம். பேத்திக்கு நானே தொட்டில் செய்தேன். மலையில் ஏலத்தோட்டத்தில் சாய்ந்த சில்வர் ஓக் மரத்தின் பலகை. ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. சட்டத்தில் துளை போட்டு, அடுத்த சட்டத்தின் முனையைச் செதுக்கி இறுக்கிச் செருகினேன். கடைத்தெருவில் ஒருத்தர் விடாமல் பீற்றிக்கொண்டேன். சாரல் விட்டதும் அவள் வாழ்க்கைப்பட்ட ஆண்டிபட்டிக்கு பஸ் கூரையில் ஏற்றி அனுப்பினேன்.

முந்தாநாள் காலை காப்பி போட அடுப்படிக்குப் போனேன். மிச்சப் பலகையில் செய்த முக்காலி அடுப்போரம் கிடந்தது. தள்ளிப்போட நினைத்துப் பிடித்தால், கால் மட்டும் கையோடு வந்தது. ஈர மரம், பாக்கியம். அடுப்புச் சூட்டில் காய்ந்து சுருங்கித் துளையை விட்டுக் கழன்றிருக்கிறது. சாரலில் கெட்டியாக நின்ற தொட்டில் ஆண்டிபட்டி வெக்கையில் என்ன ஆகியிருக்கும்?

தந்தி கொடுக்கலாம். தந்தி என்றாலே எழவுச் செய்தி என்று மரகதம் அலறிவிடுவாள். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தேனியில் வண்டி மாறக் காத்திருந்தபோது நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பிள்ளை விழுந்திருந்தால்? தாத்தா பொழுதுபோக்குக்குச் செய்ததில் விழுந்தாள் என்று காலத்துக்கும் பேச்சாகிவிடாதா? எப்போது எடுப்பீர்கள் என்று கண்டக்டரை நச்சரித்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். வழியெல்லாம் உன்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டு போனேன். வேறு யாரைக் கூப்பிடுவேன்?

மரகதம் கதவைத் திறந்ததும் பிள்ளை எங்கே என்றுதான் கேட்டேன். அவள் பதறிப்போய் உள்ளே கூட்டிப்போனாள். மூலையில் என் தொட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. உள்ளே முழுக்கச் சின்ன வெங்காயம்.

"கோவிச்சுக்காதீகப்பா. ரெண்டாம் வாரமே ஆட்டங்கண்டுருச்சு. சொன்னா மனசு ஒடஞ்சு போவீகன்னுதான் சொல்லல."

"பிள்ள எங்க படுக்குது?"

"அந்தா, அங்கன" என்று உள்ளறை விட்டத்தைக் காட்டினாள். உன் ஊதாச் சேலையில் கட்டிய தூளி தொங்கிக்கொண்டிருந்தது. "அம்மா சேலையிலதாம்பா தூங்குறா. வேற எதுல போட்டாலும் அழுகை."

துணியை விலக்கிப் பார்த்தேன். வாயை லேசாகத் திறந்து அயர்ந்து தூங்கினாள். எனக்கு அழுகை அடங்கவில்லை. மாப்பிள்ளை வந்து என்னாச்சு மாமா என்றார். வெங்காயம் என்றேன்.

உளியைத் தூக்கிப்போடச் சொல்லாதே, என்னால் முடியாது. அடுத்த பலகையை ஒரு கோடை முழுக்கக் காயப்போட்டு, நடைவண்டி செய்து, அதில் நானே ஏறி நின்று பார்த்த பிறகுதான் நம் பேத்திக்குத் தருவேன். இது சத்தியம். அதுவரைக்கும் அவளை நீ பிடித்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்,
மரகதத்தின் அப்பா