நானூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்த பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி தேவலையா? நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

எங்கள் அறையில் இணையம் கிடையாது. அதனால் அம்மா நம்மை விட்டுப் போனபிறகு, வலைப்பக்கத்தைக் காட்டும் சர்வர் நிரலை என் கணினிக்குள்ளேயே ஓடவிட்டு, அவள் படத்தையும் குரலையும் வைத்து ஒரு வலைப்பக்கம் செய்தேன். பிரவுசரில் திறந்தால், "சாப்பிட்டியாடா?" என்பாள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பக்கத்தின் அடியில் பார்த்தவர்கள் எண்ணிக்கை ஒன்று கூடும்.

நேற்று அறைத்தோழன் எட்டிப்பார்த்து, "நானூத்திப் பன்னெண்டு பேரா! உங்கம்மாவுக்கு இவ்ளோ சொந்தமா?" என்றான். சிரித்து மழுப்பினேன். நெட் இல்லாத பெட்டிக்குள் வேறு யார் வருவார்கள்? அத்தனை பேரும் நான்தான்.

அம்மாவின் போனில் வேறு குரல் பதிவு இருந்தால் பென்டிரைவில் அனுப்புங்கள். என்னைத் திட்டியதானாலும் சரி. இங்கே இருப்பது இந்த ஒன்றுதான். சாப்பிட்டேன் என்றாலும் மறுபடி அதையேதான் கேட்கிறாள்.

ஷிப்டு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்