பழைய சரக்கு முதலில்

அன்புள்ள பட்டாணிக்கு,

அப்பா எழுதுவது. இருவரும் சுகம் என்று முதல் வரியிலேயே எழுதி முடித்துவிடுவது என் வழக்கம். இந்தத் தடவை அம்மா சுகம், நான் தேறி வருகிறேன் என்று பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. பதினொரு பேரை வேலை வாங்குகிறவளை இன்னும் பட்டாணி என்று எழுதாதீர்கள் என்பாள் அம்மா. எனக்கு வேறு பேர் வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நடுவில் நீ கேள்வி கேட்பாய், நான் மழுப்பிவிடுவேன்.

அம்மாவுக்குத் தையல் கடையில் மூச்சுவிட நேரமில்லை. ஏதோ விடுதிக்கு அறுபது ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்க வேண்டுமாம், கழுத்தில் தொங்கும் அளவுநாடாவோடுதான் வீட்டுக்கும் வருகிறாள். நம் கட்டிடத்து லிஃப்ட் மறுபடி படுத்துவிட்டது, இரண்டு மாடியும் ஏறித்தான் வருகிறோம். சமையலறைக் குழாய் ஒழுகியது, வாஷரை நானே மாற்றினேன். மாற்றக் குந்தியவனால் எழுந்திருக்க முடியவில்லை. தொடை இரண்டும் வேறு யாருடையதோ போல இருந்தன. விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தக் குழாய் விஷயம் நடந்து மூன்று மாதமாகிறது. அதற்கு ஒரு மாதம் முன்னால் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் கொழுப்பு இறங்கவே இல்லை, ட்ரைகிளிசரைடு என்கிற இன்னொரு வகைக் கொழுப்பு நானூற்று எண்பதில் நின்றது. டாக்டர் பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு எழுதினார், கூடுதல் வீரியம் உள்ளது. ட்ரைகிளிசரைடுக்குத் தனியாக இன்னொன்று. பழையதை நிறுத்தச் சொன்னது என் காதில் நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தால் பழையது அறுபத்துமூன்று மிச்சம். நான் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் பார்த்தவன் என்பது உனக்குத் தெரியும். பழைய சரக்கு முதலில் வெளியே போக வேண்டும், புதியது பின்னால் நிற்க வேண்டும். என் ஸ்டோரில் ஒரு ஃபேன் பெல்ட்கூட அலமாரியிலேயே இற்றுப்போனதில்லை, அது எனக்கு ஒரு பெருமை. அந்தப் புத்திதான் இங்கேயும் வேலை செய்தது. காலையில் பழையது ஒன்று, சாயங்காலம் டாக்டர் சொன்ன புதியது, பழையது தீர்ந்ததும் நிறுத்திவிட்டால் போயிற்று என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். பேர் வேறு, பெட்டி வேறு, நிறம் வேறு, அதனால் சரக்கும் வேறு என்று எடுத்துக்கொண்டேன்.

தொடை வலிக்கு வயசு காரணம் என்றேன், பிறகு செருப்பு, பிறகு லிஃப்ட். கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டு படியேறுவதை அம்மா பார்த்துவிட்டாள். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனதை அவளிடம் சொல்லவில்லை, வெயிலுக்குத் தண்ணீர் பற்றவில்லை என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். ஒரு காலையில் அவள் என் மாத்திரை டப்பாவையே தூக்கிக்கொண்டு என்னையும் மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனாள். அது ஸ்டோரில் திருகாணி போட்டு வைக்கிற தட்டுப் பெட்டி, தெரியுமல்லவா, நான் ஒவ்வொரு அறைக்கும் சீட்டு ஒட்டி வைத்திருந்தேன். கடையில் இருக்கும் மருந்தாளுநர் அம்மா, தினம் விழுங்குவது எல்லாவற்றையும் மேஜையில் வைக்கச் சொன்னார், முதுகுவலிக்கு எப்போதாவது போடுவதையும்கூட. பழைய கொழுப்பு மாத்திரை அட்டையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஐயா, இது ரெண்டும் ஒரே மருந்துதான். கம்பெனி வேற, பேரு வேற. ரெண்டையும் சேர்த்தா போட்டீங்க?" என்றார். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பேராம், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பேராம். ஒரே பேரிங்கை மூன்று கம்பெனி மூன்று பெட்டியில் போட்டு அனுப்பினாலும் உதிரிபாக நம்பரைப் பார்த்து ஒரே தட்டில் சேர்த்தவன் நான். இதில் அந்தப் பொடி எழுத்தைப் படிக்கவில்லை.

அன்றே ரத்தம் எடுத்தார்கள். தசை கரைந்து ரத்தத்தில் கலக்கத் தொடங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சிறுநீரகத்தை அடைத்திருக்கும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துத் தண்ணீர் ஏற்றினார்கள். உன்னிடம் சாதாரண காய்ச்சல் என்று சொன்னது அதைத்தான். எல்லா மாத்திரையையும் நிறுத்தி ஆறு வாரம் விட்டார்கள். மிச்சமிருந்த பழையதை மருந்துக்கடையிலேயே கொடுத்துவிட்டேன், அழித்துவிடுவார்களாம். சிறுநீரகம் தப்பித்தது. உன்னிடம் மறைத்ததற்கு ஒரே காரணம், அந்த அறுபத்துமூன்றும் போன தடவை வந்தபோது நீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. ஸ்டோர் புத்தி என்று மேலே எழுதினேனே, அது பாதிதான். மகள் அலைந்து வாங்கிக் கொடுத்ததைக் குப்பையில் போட மனசு வரவில்லை, அது மீதிப் பாதி. தப்பு உன்னுடையது இல்லை, வாங்கியது சரியான மருந்து, சரியான அளவு. தின்றவன்தான் சரியில்லை.

இனி எழுதப்போவதுதான் முக்கியம். அந்த ஆறு வாரத்துக்குள் நீ போன் பண்ணி, உன் டாக்டர் உனக்கும் கொழுப்பு மாத்திரை எழுதியிருக்கிறார், போட ஆரம்பித்துவிட்டேன், தொடர்ந்து போடட்டுமா என்று கேட்டாய். நான் என் மடத்தனத்தைச் சொல்ல வெட்கப்பட்டு மாத்திரையின் மேல் பழியைப் போட்டேன். அதெல்லாம் காலை முடக்கிவிடும், தொடாதே என்றேன். சரிப்பா என்றாய். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. போன வியாழக்கிழமை நீ அம்மாவிடம், மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதமாகிறது, டாக்டர் பக்கமே போகவில்லை என்று சொன்னாயாம். அம்மா போனை வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். "உங்க தப்ப மறைக்க அவ உசுரோட விளையாடுறீங்களா? நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா?" என்றாள். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை, சாப்பாட்டுத் தட்டை மட்டும் வைக்கிறாள்.

உன் சித்தப்பாவை உனக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கும். கடைப் பலகைகளுக்குப் பேர் எழுதுகிற பெயிண்டர். நாற்பத்து நாலாவது வயதில் ஏணியிலிருந்து இறங்கி, தண்ணீர் கேட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஒரு நாளும் ரத்தம் சோதித்ததில்லை. நம் குடும்பத்து ரத்தத்திலேயே இந்தக் கொழுப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் அவன் முகம்தான் வந்தது, அடுத்து உன் முகம். பயமாக இருக்கிறது பட்டாணி, மழுப்பாமல் எழுதுகிறேன்.

நான் இப்போது மறுபடி மாத்திரை போடுகிறேன், அதே மருந்து, குறைந்த அளவு, ஒரே ஒரு அட்டை. கால் வலிக்கவில்லை. மருந்து என்னை முடக்கவில்லை, நான் போட்ட விதம்தான் முடக்கியது. நீயாக டிராயரைத் திறந்து மிச்சத்தை எடுத்துப் போட ஆரம்பிக்காதே. முதலில் டாக்டரைப் பார், நிறுத்தியதைச் சொல், யார் சொல்லி நிறுத்தினாய் என்பதையும் சொல், எனக்கு மானம் ஒன்றும் போய்விடாது. வேறு என்னென்ன போடுகிறாயோ சத்து மாத்திரை வரைக்கும் எல்லாவற்றையும் மேஜையில் வை. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதே. காரணமில்லாமல் தசை வலித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ என்னைப் போல வெயிலைச் சொல்லாமல் உடனே கேள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அந்தச் சமயத்தில் இந்த மாத்திரை கூடாதாம். இதை மருந்தாளுநர் அம்மா சொன்னார், எழுதச் சொல்லி ஜாடை காட்டியது உன் அம்மா, நான் எதுவும் கேட்கவில்லை.

கணக்கு படி என்றேன், நீ வேறு படித்தாய். அந்தப் பையன் வேண்டாம் என்றேன், கட்டிக்கொண்டாய். அவ்வளவு தூரம் போகாதே என்றேன், போனாய். மூன்றிலும் நீ செய்ததுதான் சரியாக வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா பேச்சைக் கேட்டாய், அதுவும் இதைப் போய். வழக்கம்போல, மாத்திரையைத் தொடாதே என்றதையும் கேட்காமல் இரு.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும், எங்களைவிட ரொம்ப காலம். டாக்டரைப் பார்த்ததும் ரத்தச் சோதனைத் தாளைப் படம் எடுத்து அம்மா போனுக்கு அனுப்பு. எனக்கு வேண்டாம், நான் ஏதாவது சொல்லிவைப்பேன்.

இப்படிக்கு,
பொடி எழுத்தையும் படிக்கத் தொடங்கியிருக்கும்
உன் அப்பா