ஊரே சிரித்த கிள்ளு

அக்டோபர் 27

மழை. சின்ன அறை ஒழுகுகிறது. ஐந்து வகுப்புகளும் ஒரே அறையில். சத்தம் தாங்காது என்று நினைத்தேன். இல்லை. குழந்தைகள் மழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

திண்டிவனத்திலிருந்து வண்டியில் நனைந்துகொண்டே வந்தேன். தலைமை ஆசிரியர் துண்டை நீட்டினார். "தலைய தொவட்டும்மா, சளி புடிச்சிக்கும்." அவர் வீட்டிலிருந்து ஒரு தட்டு வேகவைத்த வேர்க்கடலை, இந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டை. இது ஈராசிரியர் பள்ளி. சார், நான், அவ்வளவுதான். ஒலக்கூர் பக்கத்து இந்த ஊரில் அவருக்கு இருபத்திரண்டு வருடம், எனக்கு இரண்டாவது வருடம். நவீன கவிதையில் ஆய்வு செய்யப்போவதாகச் சொல்லித் திரிந்தவள், முதல் நாள் ஒன்றாம் வகுப்பின் முன்னால் நாக்கு வறண்டு நின்றேன். அன்று கூட நின்றவர் அவர்தான்.

பெண் குழந்தைகள் பாவாடைக்குள் அண்ணன் தம்பிகளின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இன்று அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கழற்றிக் காயப்போடச் சொன்னேன். ஒருத்தியும் அசையவில்லை. இந்த ஊர்க் கூச்சம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நவம்பர் 11

விழுப்புரத்தில் பயிற்சி. குழந்தைகள் பாதுகாப்பில் ஆசிரியர் பொறுப்பு. பள்ளிக்கு ஒருவர் போகவேண்டும். "நீயே போய்ட்டு வாம்மா. நான் மே மாசம் ரிட்டயர்டு, கத்துக்கினு இன்னா பண்ணப்போறேன்" என்றார் சார்.

பின்வரிசையில் இடம். பக்கத்தில் தென்னரசு. ஆசிரியர் பயிற்சியில் என்னோடு படித்தவன், இப்போது கோலியனூர் பக்கம் வேலை. அவன் போனில் கிரிக்கெட் பார்த்தான். நான் பாதி அவன் போனையும் பாதி மேடையையும் பார்த்தேன். காதில் தங்கியது இரண்டு. சந்தேகம் வந்தாலே சொல்லிவிட வேண்டும். உண்மையா என்று கண்டுபிடிப்பது ஆசிரியர் வேலையில்லை. சொல்லாமல் இருப்பதே குற்றம். இன்னொன்று, குழந்தையின் பெயர் எங்கேயும் வெளியே வரக்கூடாது.

வகுப்பில் மாட்ட ஒரு படம் கொடுத்தார்கள். ஒரு பையன், ஒரு பெண். யாரும் தொடக்கூடாத இடங்கள் சிவப்பு. மற்றவை பச்சை. சுருட்டி எடுத்துவந்தேன், பேருந்து நெரிசலில் கசங்கிவிட்டது.

நவம்பர் 14

குழந்தைகள் தினம். ஊரே வந்திருந்தது. சாருக்கு இது கடைசி விழா என்பதால் சால்வை, மாலை. குமரேசன் மைக்கைப் பிடித்தார். மினி லாரி ஓட்டுகிறவர். சாரிடமே படித்தவர். அவர் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு.

"எங்க சாரு கிள்ளாத தொட இந்த ஊர்ல ஒண்ணு உண்டா? அந்தக் கிள்ளுலதான் நான் லைசென்ஸே எடுத்தேன்."

சிரிப்பு. சார் எழுந்து கும்பிட்டார். பிறகு இரண்டு விரலைச் சேர்த்துக் காற்றில் ஒரு கிள்ளு கிள்ளிக் காட்டினார். பந்தல் அதிர்ந்தது. பெண்கள் பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நானும் சிரித்தேன்.

நவம்பர் 17

எப்படி எழுதுவது. நடந்ததை மட்டும்.

மூன்றாவது பீரியட். படத்தை மாட்டினேன். சார் அடுத்த அறையில் ஒன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார், இங்கே கேட்டது. நான் பயிற்சியில் தந்த வாக்கியங்களை ஒப்பித்தேன். பச்சை, சிவப்பு, பிடிக்கலைன்னா 'வேணாம்'னு கத்தணும், ஓடிப்போய் நம்புறவங்ககிட்ட சொல்லணும். யாராவது கேள்வி கேட்கிறீங்களா?

ஒரு கை எழுந்தது. மூன்றாம் வகுப்பு. பெயரை எழுதப்போய் நிறுத்திவிட்டேன். இந்த நோட்டிலும் வேண்டாம்.

"மிஸ், சார் கிள்றது இதுல எந்தக் கலரு?"

வகுப்பு சிரித்தது. வெள்ளிக்கிழமை பெரியவர்கள் சிரித்த அதே சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள், கூட்டல் கணக்கில் சந்தேகம் கேட்பதுபோல.

எங்கே கிள்ளுவார் என்று கேட்டேன். பையன்கள் முந்திக்கொண்டு முட்டிக்கு மேலே தொட்டுக் காட்டினார்கள். பெண்கள் யாரும் காட்டவில்லை. தரையைப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி.

அவள் எழுந்து வந்தாள். படத்தில் விரலை வைத்தாள்.

சிவப்பில்.

அடுத்த அறையில் ஈரேழு பதினான்கு.

நான் என்ன செய்தேன்? படத்தைச் சுருட்டினேன். "சரி, உட்காரு" என்றேன். ஓடிப்போய் நம்புகிறவரிடம் சொல் என்று சொல்லிக்கொடுத்த ஐந்தாவது நிமிடம் அவள் நம்பி வந்து சொன்னாள். நான் உட்காரச் சொன்னேன்.

நவம்பர் 18

சார் வழக்கம்போல "சாப்டியாம்மா" என்றார். சாப்பிட்டேன் சார் என்றேன்.

நவம்பர் 19

தென்னரசுவுக்குப் போன் செய்தேன். யாரென்று சொல்லாமல் சொன்னேன். கண்டுபிடித்துவிட்டான். சிரித்தான். கிள்ளுவதற்கெல்லாம் கேஸ் என்றால் தமிழ்நாட்டில் ஒரு வாத்தியார்கூட வெளியே இருக்கமாட்டான் என்றான். அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னேன். விரல் வைத்த இடத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் குரல் மாறியது. ஆனால் சொன்னது இதுதான்.

"மே மாசம் போயிடப்போறாரு. அதுவரைக்கும் நீ புள்ளைங்கள கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்க. உனக்கு இன்னும் முப்பது வருஷம் சர்வீஸ் இருக்குது, தெரிஞ்சுக்க."

கெட்டவன் இல்லை. அதுதான் அதிர வைக்கிறது. நான் போன் செய்ததே யாராவது இதைச் சொல்லட்டும் என்பதற்காகவோ?

மேலே யாரிடம் சொல்வது? பள்ளியில் குழந்தை புகார் சொன்னால் தலைமை ஆசிரியரிடம் தெரிவிக்க வேண்டும். தலைமை ஆசிரியர்.

நவம்பர் 20

சாயங்காலம் குழந்தையின் வீட்டுக்குப் போனேன். குமரேசன் லோடு ஏற்றப் போயிருந்தார். அம்மா கவிதா மட்டும் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். இதே ஊரில் பிறந்து, மாமா மகனையே கட்டிக்கொண்டவள். அவளும் சாரிடம் படித்தவள்தான்.

சார் கிள்ளுவதைப் பற்றிக் கேட்டேன். சிரித்தாள். எல்லாரையும்தான் கிள்ளுவார், தன்னையும் கிள்ளியிருக்கிறார், யாரைத்தான் விட்டார் என்றாள். பாப்பா படத்தில் காட்டிய இடத்தைச் சொன்னேன்.

சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கண்ணிலிருந்து மட்டும் போய்விட்டது.

அடுப்பில் இருந்ததை இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"அதுக்குத்தான் மிஸ் டவுசர் போட்டு அனுப்பறது. எங்கம்மா எனக்குப் போட்டு உட்டுது. நான் இவளுக்குப் போட்டு உடறேன்."

கூச்சம் என்று எழுதி வைத்திருக்கிறேன். அக்டோபர் 27. கூச்சம்.

ஒரு ஊர். இருபத்திரண்டு வருடம். ஆண்களிடம் அது வேடிக்கைப் பேச்சு. பெண்களிடம் அது பாவாடைக்குள் ஒரு கால்சட்டை. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லாதபடி எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

போலீசுக்குப் போகவேண்டாம் என்று கெஞ்சினாள். வெளியே தெரிந்தால் பெண்ணை எவன் கட்டுவான், வீட்டுக்காரர் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "நீங்க மாத்தல் வாங்கிக்கினு போயிடுவீங்க. நாங்க இங்கியேதான கெடக்கணும்." மகளைத் திண்டிவனத்தில் வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்கிறேன் என்றாள்.

சரி, மற்றப் பெண் குழந்தைகள் என்றேன்.

அடுப்பை அணைத்தாள். நான் எழுந்தபோது வாசல்வரை வந்தாள். "ஜல்தி போயிடுங்க மிஸ், இருட்டிக்கினு வருது" என்றாள். அக்கறையா, துரத்தலா.

நவம்பர் 21

1098க்கு, குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசினேன். பள்ளிக்குப் போகும் வழியில், வண்டியை ஓரம் கட்டி, புளியமரத்தடியில்.

குழந்தையின் பெயர் கேட்டார்கள், சொன்னேன். என் பெயர் வேண்டுமானால் சொல்லலாம் என்றார்கள். அதையும் சொன்னேன். செய்தவர் யார்?

சார், என்றேன்.

"பேர் சொல்லுங்க மேடம்."

சக்கரபாணி. இரண்டு வருடத்தில் இந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. யாரோ தெரியாத மனிதரின் பெயர் போல இருந்தது.

பள்ளிக்குப் போனேன். அவர் பக்கத்தில் நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினேன். சாயங்காலம்வரை ஒரு பெண் குழந்தையையும் அவர் அறைக்கு அனுப்பவில்லை. எப்படியெல்லாமோ காரணம் சொன்னேன்.

அவள் சொல்லி நான்கு நாள் கழித்துத்தான் பேசினேன். அந்த நான்கு நாளும் அவள் வகுப்பில் என் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

நவம்பர் 24

வந்தார்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து இரண்டு பெண்கள், சாதாரணப் புடவையில் ஒரு பெண் உதவி ஆய்வாளர். குழந்தையிடம் அவள் வீட்டிலேயே பேசினார்கள், அம்மாவை வைத்துக்கொண்டு. பிறகு பள்ளிக்கு.

சார் சத்தம் போடவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேஜைச் சாவியை என்னிடம் கொடுத்து, நாளைக்குச் சத்துணவுக்கு அரிசி எடுத்துக்கொடுக்க மறந்துவிடாதே என்றார். அவர்களோடு கிளம்பியவர் வாசலில் திரும்பினார்.

"நீயாம்மா?"

ஆமாம் சார்.

தலையாட்டினார். பாடம் தவறாக ஒப்பித்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை. நான் எதிர்பார்த்தது கோபம், மறுப்பு, அழுகை. ஏதாவது. தான் செய்தது என்ன என்று அவருக்கே தெரியாதோ? அல்லது இருபத்திரண்டு வருடமாக எல்லோரும் சிரித்தது அவருக்கு அனுமதியாக இருந்ததா? இரண்டில் எது என்று தெரிந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று ஏன் நினைக்கிறேன்.

நவம்பர் 25

பள்ளிக்கு நான்கு குழந்தைகள்தான் வந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் தாண்டியதும் பின்னால் ஒரு குரல்: "நாக்காலிக்கு ஆசப்பட்டுக்கினு ஒரு பெரிய மனுசன உள்ள வெச்சிட்டா பாரு, மவராசி."

இந்த மவராசி நாள் முழுக்க நாலு குழந்தைகளுக்குக் கதை சொன்னாள்.

நவம்பர் 26

பள்ளி விட்ட பிறகு குமரேசன் வந்தார். குடித்திருக்கவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. பின்னால் கவிதா. வாசல்படிக்குக் கீழே நின்றே பேசினார். இதுவரை 'ங்க' போடாமல் என்னிடம் பேசியதில்லை.

"ஊட்டுக்கு வந்தியே, என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா? எனக்கு எழுத்து சொல்லிக்குடுத்த மனுசன் அவரு. கிள்ளுனாரு, அதுக்கு ஜெயிலா? என்னக் கிள்ளல? நான் செத்தா பூட்டேன்?"

நான் என்ன சொன்னாலும் சட்டம் போலத்தான் கேட்கும்.

"உன்ன எங்க கிள்ளுனாரு?"

கவிதாதான். அவர் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லு. எங்க?"

"தொடையில. முட்டிக்கு மேல."

"என்ன எங்க கிள்ளுனாருன்னு எப்பனா கேட்டிருக்கியா? ஊரு பூரா சொல்லிச் சொல்லி சிரிச்சிக்கினு இருந்தியே, ஒரு வாட்டி கேட்டியா நீ?"

கத்தவில்லை. வீட்டில் உப்பு இல்லை என்று சொல்கிற குரல்.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார். நின்றுகொண்டிருந்த ஒரு மனிதர் எலும்பில்லாமல் உட்காருவதை இன்றுதான் பார்த்தேன். "பாப்பாவுக்கு எத்தினி நாளா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

கவிதா அவருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. போகவும் இல்லை.

டிசம்பர் 4

விழுப்புரம் நீதிமன்றம். குழந்தை நீதிபதியிடம் தனியாகப் பேசினாள். நானும் கவிதாவும் குமரேசனும் வெளியே நின்றோம். கதவு மூடியிருந்தது. ஒன்றும் கேட்காது என்று தெரிந்தும் மூன்று பேரும் கதவையே பார்த்தோம்.

வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாள். குமரேசன் முன்னால் வந்து, கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார். தன் மகளை எங்கே தொட்டால் சரி என்று ஒரு அப்பா யோசிக்கிறார். இதையும்தான் சக்கரபாணி இவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். அவளே அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு ஓட்டலைத் தேடிப் போனாள்.

கவிதா போகவில்லை. உதவி ஆய்வாளரிடம், தானும் ஒன்று சொல்லவேண்டும் என்றாள். அத்தனை வருடம் முந்தையது எந்தச் சட்டத்தில் வருமோ என்று அவர் யோசித்தார். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு, எழுதிக்கொண்டார்.

டிசம்பர் 12

ஊரிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் திண்டிவனம் மகளிர் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. ஒருத்தி அன்று பேருந்து நிறுத்தத்தில் இருந்தவள்.

ஜனவரி 22

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு முக்கால்வாசிக் குழந்தைகள் திரும்பிவிட்டார்கள். மாற்றுப்பணியில் ஷரீபா பீவி டீச்சர் வந்திருக்கிறார். ஊரில் பாதிப்பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. வழக்கு நடக்கிறது. குழந்தை இங்கேயேதான் படிக்கிறாள். வேறு பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாளாம்.

இன்று கணக்குப் பாடம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்றாவது முறையும் அதே தப்பைச் செய்தான். தலைவலி வேறு. அவன் காதைப் பிடித்துத் திருகினேன். யோசிக்கவே இல்லை, கை தானாகப் போனது.

"மிஸ்."

மூன்றாம் வகுப்பு வரிசையிலிருந்து அவள் எழுந்து நின்றாள். "அவன் காதத் திருவுனீங்க. அவனுக்கு வலிச்சுது."

வகுப்பு என்னைப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் காது சுட்டது. நான் செய்தது தப்பு என்றேன், அவனைப் பார்த்து, வகுப்பு முழுதும் கேட்க. மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல மிஸ்" என்றான் அவன், வெட்கப்பட்டுக்கொண்டு.

"இன்னாத்துக்குடா பரவால்லன்ற? வலிச்சுதுன்னு சொல்லு" என்றாள் அவள்.

அவன் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"வலிச்சுது மிஸ்."