அன்று நான் சொன்ன பதனம்

என் அன்பு சூசையண்ணா,

1986 பிப்ரவரி 18, செவ்வாய், காலை ஏழு மணி பத்து நிமிடம். நீ ஏணியிலிருந்து விழுந்து இறந்து நான்கு நாள். பத்து மணிக்கு எஸ்டேட் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஆபீஸ் ரைட்டர் தட்டச்சு செய்த விபத்து அறிக்கைத் தாளை நேற்று வீட்டுக்கே கொண்டுவந்து படித்தார். 'போதிய கவனமின்றி ஏறியதால்' என்று இருந்தது. அண்ணி என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏனுங்க தம்பி, உங்கண்ணன் பதனமில்லாத ஆளுங்களா?"

பதனம் என்றால் எங்கள் பக்கத்தில் கவனம்.

அந்த வார்த்தை எனக்குப் பிடித்ததே இல்லை. அம்மா முட்டைக் கூடைக்கும் பதனம் என்பாள், வாழவந்திக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கும் பதனம் என்பாள். மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறும்போது ஏணி பிடிப்பவன் "பதனம்" என்பான், ஏறுபவன் "ஆச்சு" என்பான். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஐ.டி.ஐ. படித்த நான் சிரித்தேன். போல்ட்டை எத்தனை சுற்று முறுக்க வேண்டும், சொல். பதனமாக முறுக்கு என்றால் எவ்வளவு?

மூங்கில் ஏணி எதற்கு, இரும்புக் குழாயில் செய்கிறேன் என்று மேனேஜரிடம் மார்தட்டியவனும் நான்தான். அன்று காலை ஏழாம் படியின் வெல்டிங்கில் விரிசலைப் பார்த்தேன். சொன்னால் மூங்கிலே மேல் என்று சிரிப்பார்கள். சாயந்தரம் பற்றவைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நீ முதல் படியில் கால் வைத்தாய்.

"பதனம்ணா" என்றேன்.

நீ திரும்பினாய். "என்னடா அதிசயம், உன்ற வாயில பதனமா?"

கேட்டாயே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ஆச்சு" என்று ஏறிவிட்டாய். ஏழாம் படி உன் காலடியில் விட்டுப்போனது.

இப்போதுதான் உறைக்கிறது. அம்மா கூடையில் வைக்கோல் பரப்பிய பிறகுதான் பதனம் என்பாள். தன் வேலையை முடித்துவிட்டுச் சொல்வாள். நான் என் வேலையைச் செய்யாமல் சொன்னேன். நீ என்னை மன்னிப்பாயா? தெரியவில்லை.

ஏணியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று ரைட்டர் ஷெட் சாவியை இரண்டு முறை கேட்டார். கொடுக்கவில்லை. என் சட்டைப்பையில் இருக்கிறது.

இனிச் செய்யப்போவது:

1. ஒன்பதுக்குள் அண்ணியிடம் என் வாயால் சொல்வேன். வேறு யாரும் சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.
2. ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆபீஸ் போவேன். ஏழாம் படியைக் காட்டுவேன்.
3. தாளைத் திருத்தி எழுதச் சொல்வேன். தப்பு உன்னுடையது அல்ல, என்னுடையது. அப்புறம்தான் கையெழுத்து.
4. இனி யார் ஏறினாலும் முதலில் பழுதைச் சொல்வேன். பதனம் அதற்குப் பிறகு. உன்மேல் சத்தியம்.

அன்று உனக்கு ஏணி பிடித்த தம்பி,
அந்தோணி