டீச்சர் தோளில் தவளை

வியாழன், இரவு

இன்று முதல்முறையாக ஒரு பள்ளிக் குழுவைத் தனியாக அழைத்துப் போனேன். திருப்பூரிலிருந்து வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். எங்கள் சுற்றுச்சூழல் மையத்தின் பின்னால் இருக்கும் மலைச் சோலைக்காட்டுக்குள் நுழைந்ததுமே பனிமூட்டம் இறங்கிவிட்டது. பக்கத்து மரம்கூடத் தெரியவில்லை. பிள்ளைகள் ஒரே கத்தல்.

கூட வந்த சாந்தி டீச்சருக்கு அட்டைப்பூச்சி பயம். காலை உதறிக்கொண்டே, "ஏனுங்க, இங்க பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? பஸ்ஸுக்கே போயிரலாமுங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

வேறு வழியில்லாமல் திரும்பினோம். அப்போது ஓர் இலையிலிருந்து நகம் அளவுத் தவளை ஒன்று தாவி, டீச்சரின் தோளில் உட்கார்ந்தது. அலறப் போகிறார் என்று நான் அதை எடுத்துவிடக் கையை நீட்டினேன். அவர் கண்ணை மட்டும் திருப்பி அதைப் பார்த்தார்.

"யாரும் சத்தம் போடாதீங்க. பாவம், பயந்துக்கும்" என்றார் மெதுவாக.

அத்தனை பிள்ளைகளும் கப்சிப். தவளையின் தொண்டை துடிப்பதை எல்லோரும் பார்த்தோம். அது தானாகத் தாவிப் போகும்வரை ஒருவரும் அசையவில்லை. பிறகு டீச்சர்தான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க, பசங்க இல்லாம நான் மட்டும் ஒரு நாள் வரலாமுங்களா?"

"தாராளமா வாங்க டீச்சர்" என்றுவிட்டேன். தனி ஆட்களுக்கு இங்கே அனுமதி கிடையாது. பொறுப்பாளர் சாரிடம் நாளைக்கு எப்படிக் கேட்பேனோ. கேட்டுவிடுவேன். ஓடைப் பக்கம் கூட்டிப் போனால் இன்னும் நிறையத் தவளைகள் இருக்கும்.