கியர்லதான் போட்டேன்

ஜூலை 12, 1976. திங்கள்.
பேய்க்காற்று. துடைத்து வைத்த டைப்ரைட்டர் மேல் பத்து மணிக்கே புழுதி. ரிப்பன் மாற்றணும்.

மெட்ராஸ் கம்பெனியிலிருந்து தபால், 'ரகசியம்' என்று சிவப்பு முத்திரை. பிரித்துப் பதிவது என் வேலை, படித்துவிட்டேன். புது மாடல் லாரியில் கியரைப் பிடித்து வைக்கிற ஒரு பின் தேய்கிறதாம். நிறுத்தின வண்டி தானாகவே கியர் கழன்று உருளலாமாம். விற்ற வண்டிகளை உடனே வரவழைத்து மாற்றித் தரணுமாம். எங்கள் ஏஜென்சி விற்றது ஏழு. அதில் ஒன்றை ஓட்டுகிறவன் என் தம்பி சேவியர்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "சாமான் வரட்டும், பாத்துக்கலாம். இப்ப சொன்னா ஷெட்ல நிக்கிற மூணு வண்டியை எவன் வாங்குவான்? வெளிய மூச்சு விடக்கூடாது ரீத்தா." அலமாரியில் வைத்துப் பூட்டினார். கம்பெனி இரண்டு பிரதி அனுப்பியிருந்தது. இன்னொன்று என் ஃபைலில். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூலை 13.
சீயக்காய், நூல்கண்டு, அம்மாவுக்கு மாத்திரை.

சேவியரிடம் சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்லாமல் இருக்க? இந்த உப்புக்காற்றில் ஹேண்ட்பிரேக் கேபிள் மூணு மாசம் தாங்காது. அதனால் இங்கே எந்த டிரைவரும் ஹேண்ட்பிரேக்கை நம்புவதில்லை. முதல் கியரில் போட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். அந்தக் கியரே கழன்றால்?

"டயருக்குக் கட்டை வைக்காம இறங்காதலே."

சிரித்தான். கடிதத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "மத்தவங்களுக்கு?" என்றான். "யார்ட்டயும் பேசாத. என் வேலை போயிரும்." மாதா மேல் சத்தியம் வாங்கினேன்.

ஜூலை 15.
காற்று நிற்கவில்லை. சேவியர் வேலமரத்தில் இரண்டு கட்டை செதுக்கி வண்டியில் போட்டுக்கொண்டான். அப்பாடா.

மத்தியானம் சுடலைமுத்து அண்ணாச்சி ஆபீசுக்கு வந்தார். உடன்குடிக்காரர், ஏழு வண்டியில் ஒன்று அவர் ஓட்டுவது. வைப்பர் வாங்க வந்தவர், ஓலையில் சுற்றின கருப்பட்டி ஒன்றை என் மேஜையில் வைத்தார். "ஊர்ச்சரக்கு தாயி. வண்டி தங்கமா ஓடுது." கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மேனேஜர். வாய் வரை வந்தது. "சந்தோஷம் அண்ணாச்சி" என்றேன். சீ.

ஜூலை 19. திங்கள்.
காலை பத்தரைக்குப் போன். உப்பளக் கரைமேட்டுச் சரிவில் லாரியை நிறுத்திவிட்டு, முன்னால் நின்று தார்ப்பாய்க் கயிறு அவிழ்த்திருக்கிறார் சுடலைமுத்து அண்ணாச்சி. வண்டி உருண்டு அவர் மேலேயே ஏறிவிட்டது. இடது தொடை எலும்பு நொறுங்கிவிட்டதாம். பெரியாஸ்பத்திரி. உயிர் இருக்கு, மாதாவே.

மேனேஜர் முகம் வெளுத்தது. அஞ்சு நிமிஷம்தான். "ஹேண்ட்பிரேக் போட்டிருக்க மாட்டான். டிரைவர் கவனக்குறைவு, வண்டியில கோளாறு இல்லைன்னு அவன் ஓனருக்கு ஒரு லெட்டர் அடிங்க."

அடித்தேன். இந்த விரல்தான் அடித்தது. ஒரு பக்கத்தில் மூன்று பிழை.

ராத்திரி சேவியர் சோற்றைத் தொடவில்லை.

"அவருக்குப் பின்னாலதான்க்கா என் வண்டி நின்னுச்சு. நான் எறங்கிக் கட்டை வச்சேன். 'என்னலே, லாரி ஓட்டுதியா, தேர் ஓட்டுதியா?'ன்னு கேலி பண்ணாரு. 'நீங்களும் வைங்க அண்ணாச்சி'ன்னு சொல்ல வாயெடுத்தேன். நீ சத்தியம் வாங்கினியே."

அம்மா "என்னது, என்னது" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் தட்டை எடுத்துக் கழுவப் போய்விட்டேன்.

ஜூலை 20.
கண் எரிகிறது. ஓனர் அந்த லெட்டரைக் காட்டி அண்ணாச்சியை வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம். போலீசுக்கும் அதே லெட்டர்தானாம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. கால் முழுக்க மாவுக்கட்டு. அவர் வீட்டுக்காரி விசிறிக்கொண்டிருந்தாள்.

"கியர்லதான் போட்டேன் தாயி." மாவுக்கட்டைத் தடவினார். "எல்லாரும் சொல்லுதாவ. நாந்தான் மறந்துட்டேன் போலிருக்கு."

"இருவது வருசமா மறக்காத மனுசன்" என்று அந்தம்மா என்னிடம் சொன்னாள். நான் ஏதோ ஒத்தாசை செய்ய வந்தவள் என்று நினைப்பு.

கம்பெனிக் கடிதம் என் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. பயந்தாங்கொள்ளி நாய் நான்.

ஜூலை 21. புதன்.
எட்டு மணிக்கே ஆபீஸ். கடிதத்தை ஆறு நகல் அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் அடியில் தமிழில், என் கையெழுத்தில்: 'கியர் நிற்காது. கட்டை வையுங்கள்.' கீழே என் முழுப்பெயர். மற்ற ஐந்து டிரைவருக்கு சேவியர் கொண்டுபோனான். ஒன்று போலீஸ் ஸ்டேஷனில் நானே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒன்பதரைக்கு மேனேஜர். நானே சொல்லிவிட்டேன். "வேலை வேண்டாமா ஒங்களுக்கு?" என்று கத்தினார். "வேணும் சார்" என்றேன். வெளியே போகச் சொன்னார். குடையை மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

நேரே ஆஸ்பத்திரி. கம்பெனிக் கடிதத்தைத் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"அப்ப நான் மறக்கல" என்றார். மறுபடியும் சொன்னார். அழுகை வந்துவிட்டது அவருக்கு. அந்தம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை.

"இது எப்ப வந்துச்சு தாயி?"

"பன்னெண்டாம் தேதி."

"நான் ஒனக்குக் கருப்பட்டி தந்தது?"

"பதினஞ்சு, அண்ணாச்சி."

அந்தம்மா கையை விட்டாள்.